பி 301: ஒரு காராமணி பிறந்த கதை

நைஜீரியாவின் வடக்கே கானோ, சாரியா பக்கத்துக் கிராமங்களில் காராமணியைத் தனிப்பயிராகப் பார்ப்பது அரிது. கம்புக்கும் சோளத்துக்கும் நடுவே ஊடுபயிராகப் படர்ந்து கிடக்கும். நெற்று பறித்த பிறகு கொடியையும் வீணாக்க மாட்டார்கள். சுருட்டிக் கட்டி, வீட்டுக் கூரைமேலும் மரக்கிளையின் கவட்டிலும் போட்டுக் காயவைப்பார்கள். மழையில்லாத மாதங்களில் ஆடு மாடுகளுக்கு அதுதான் தீனி. சந்தையில் அந்தக் கொடிக்கட்டுக்கே நல்ல விலை உண்டு. பயறு மனிதருக்கு, கொடி கால்நடைக்கு, வேரில் தங்கும் தழைச்சத்து அடுத்த பயிருக்கு. உலகிலேயே அதிகமாகக் காராமணி விளையும் நாடு நைஜீரியா. ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து எண்ணெயில் பொரித்தெடுக்கும் ‘கோசை’ அங்கே காலைப் பலகாரம். இறைச்சி வாங்க வழியில்லாத வீட்டில் குழந்தைக்குப் புரதம் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் பயறிலிருந்துதான்.

விதைத்து ஐந்தாறு வாரம் போனதும் சில வயல்களில் காராமணியின் இலை நரம்புகளுக்கு இடையே மஞ்சள் பாயத் தொடங்கும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே செடி வாடும். இன்னும் சில நாளில் அதன் அடியில் மண்ணைப் பிளந்துகொண்டு ஊதாச் சாயலில் தண்டுகள் கொத்தாக எழும். இலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது; தண்டோடு ஒட்டிய செதில்கள்தான். ஒரு சாண் உயரத்தில் வெளிர் ஊதாவில் பூக்கும். ஸ்ட்ரைகா கெஸ்னெரியாய்டிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். நம் ஊரில் சோளத்தையும் கரும்பையும் பிடிக்கும் சுடுமல்லியும் இதே ஸ்ட்ரைகா குடும்பம்தான். மற்ற ஸ்ட்ரைகாக்கள் புல்லினப் பயிர்களைத் தேடிப் போகும். இது ஒன்று மட்டும் அகன்ற இலைத் தாவரங்களின் வேரைத் தேடும். மேற்கு ஆப்பிரிக்காவில் அது பிடித்துக்கொண்டது காராமணியை.

அதைப் பிடுங்கிப் பயனில்லை என்பதுதான் விவசாயிக்குப் பெரிய வேதனை. பூ கண்ணில் படும் நாளில் சேதம் ஏற்கெனவே முடிந்திருக்கும். தரைக்குக் கீழே காராமணி வேரில் ஒரு கட்டி உட்கார்ந்திருக்கும். சில சமயம் பெருவிரல் பருமன்கூட இருக்கும். வேரின் சாற்றுக்குழாயோடு நேரடியாக இணைந்து, நீரும் சத்தும் உறிஞ்சி வளர்ந்த கட்டி அது. கடுமையாகத் தாக்கிய வயலில் முழு மகசூலும் போவதுண்டு. பூத்தபின் ஒரே செடி பல்லாயிரம் விதைகளை மண்ணில் உதிர்க்கும். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. கையில் எடுத்தால் தூசி என்றுதான் நினைப்போம். காற்றிலும் மழைநீரிலும் மாட்டுக் குளம்பிலும் விதைப்பயற்றோடு ஒட்டியும் அது ஊர் மாறும். பத்து ஆண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

அத்தனை ஆண்டு அந்த விதை காத்திருப்பது ஒரு வாசனைக்காக என்று சொல்லலாம். ஈரமும் வெப்பமும் மட்டும் கிடைத்தால் அது முளைக்காது. பக்கத்தில் தனக்கு ஏற்ற வேர் இருக்கிறது என்ற செய்தி வர வேண்டும். அந்தச் செய்தியைக் கொண்டுவரும் வேதிப்பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது அமெரிக்காவில், 1966இல். சி. இ. குக்கும் அவருடைய சகாக்களும் பருத்தி வேரிலிருந்து எடுத்து அதற்கு ‘ஸ்ட்ரைகால்’ என்று பெயர் வைத்தார்கள். ஸ்ட்ரைகாவால் பருத்தியில் பிழைக்க முடியாது. இருந்தும் பருத்தி வேர் அதை முளைக்க வைக்கிறது. பயிர்கள் தம்மைத் தின்ன வருவதை ஏன் இப்படித் தாமே அழைக்கின்றன என்ற கேள்விக்கு நாற்பது ஆண்டுகள் விடை கிடைக்கவில்லை. 2005இல் ஜப்பானில் அகியாமாவின் குழு விடை சொன்னது. மண்ணில் மணிச்சத்து குறையும்போது, அதைத் தேடிக் கொண்டுவந்து தரும் வேர்ப்பூஞ்சையைக் கூப்பிடத்தான் செடி இந்தப் பொருளைக் கசியவிடுகிறது. அந்த அழைப்பை ஸ்ட்ரைகா ஒட்டுக்கேட்கிறது. உரம் வாங்க முடியாத ஏழையின் நிலத்தில், சத்துக்கெட்ட மண்ணில்தான் இந்தக் களை அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூசி போன்ற அந்த விதையை மண்ணிலிருந்து யாராலும் பொறுக்க முடியாது. களைக்கொல்லி தெளிப்பதற்குள் பயிர் வீணாகிவிடும். இனி மிச்சம் ஒரே வழி: ஸ்ட்ரைகா வந்து தொட்டாலும் இடம் கொடுக்காத காராமணி. அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடியதிலிருந்துதான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது.

தேடல் சூடுபிடித்தது அப்போது அப்பர் வோல்டா என்று அழைக்கப்பட்ட இன்றைய புர்கினா ஃபாசோவில். தலைநகர் உகடூகுவுக்குப் பக்கத்தில் கம்போயின்ஸே என்ற இடத்தில் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று இருக்கிறது. நைஜீரியாவின் இபாதானைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தின் சார்பில் அங்கே காராமணி ரகங்கள் உருவாக்க வந்திருந்தவர் வி. டி. அகர்வால் என்ற இந்தியர். ஸ்ட்ரைகா மண்டிய வயலில் வரிசை வரிசையாக ரகங்களை விதைத்துப் பார்த்ததில், 1980களின் தொடக்கத்தில் இரண்டு மட்டும் சுத்தமாக நின்றன. ஒன்று சுவிட்டா-2, நாட்டின் வடகோடியில் கோரோம்-கோரோம் பகுதி மக்களின் நாட்டு ரகம் அது. இன்னொன்று 58-57 என்ற எண் கொண்டது. இவற்றின் காலடியில் ஸ்ட்ரைகா தலைகாட்டவில்லை.

நியாயமான மகிழ்ச்சிதான். ஆனால் அதே விதையை எல்லை தாண்டி மாலிக்குக் கொண்டுபோய் விதைத்தபோது 58-57 தோற்றது. நைஜருக்குக் கொண்டுபோனபோது சுவிட்டா-2 தோற்றது. பண்ணையில் நின்று பார்த்தவர்களுக்கு முதலில் குழப்பம். ஸ்ட்ரைகா விதையின் அளவு அங்கே அதிகமோ, மண் வேறோ, மழை வேறோ என்றெல்லாம் சந்தேகப்படலாம். திறந்த வயலில் இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது கடினம். ஒரு பாத்தியில் களை விதை நிறைய இருக்கும், அடுத்த பாத்தியில் இருக்காது. இன்று களை முளைக்காத செடி எதிர்ப்பு உள்ளதா, தப்பிப் பிழைத்ததா என்று சொல்ல முடியாது. ரகம் உருவாக்குகிறவர்கள் இப்படித் தப்பிப் பிழைத்த செடியை நம்பி ஏமாந்து ஆண்டுகளைத் தொலைத்திருக்கிறார்கள்.

தெளிவு பிறந்தது இங்கிலாந்தில். கிறிஸ் பார்க்கர் ஒட்டுண்ணிக் களைகளுக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். ஸ்ட்ரைகாவைப் பாலித்தீன் பையில் வளர்த்துப் பார்க்கும் ஒரு முறையை அவரும் டிக்சனும் சேர்ந்து 1983இல் வெளியிட்டார்கள். மிக எளிமையான ஏற்பாடு அது. ஒளி ஊடுருவும் பைக்குள் ஈரமான உறிஞ்சுதாள். அதன்மேல் நாற்றின் வேர் தட்டையாகப் படர்ந்திருக்கும். வேரின்மேல் ஸ்ட்ரைகா விதையைத் தூவ வேண்டும். மண் இல்லை. எந்த விதை முளைத்தது, எது வேரைத் தொட்டது, தொட்டபின் என்ன நடந்தது என்று நாள்தோறும் உருப்பெருக்கியில் பார்க்கலாம். தரைக்குக் கீழே யாரும் காணாமல் நடந்துகொண்டிருந்த ஒரு போர் அன்றுதான் கண்ணுக்கு வந்தது. இந்தக் களைக்கு இங்கிலாந்தின் குளிரில் வயலில் பிழைப்பு இல்லை என்பதால், வெவ்வேறு ஆப்பிரிக்க நாடுகளின் ஸ்ட்ரைகா விதையைப் பயமில்லாமல் ஒரே கூரையின் கீழ் வைத்துச் சோதிக்கவும் முடிந்தது.

பிரிஸ்டல் நகருக்கு அருகில் இருந்த லாங் ஆஷ்டன் ஆராய்ச்சி நிலையத்தில் பார்க்கரும் போல்னியாசெக்கும் புர்கினா ஃபாசோ, மாலி, நைஜர் மூன்று நாட்டு ஸ்ட்ரைகாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே காராமணி ரகங்களின்மேல் விட்டுப் பார்த்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது: உருவத்தில் ஒன்றே போலிருந்தாலும் மூன்றும் வேறு வேறு இனங்கள். புர்கினாவின் களையால் ஒன்றும் செய்ய முடியாத ரகத்தை மாலியின் களை தின்கிறது. மாலியின் களையை நிறுத்துகிற ரகத்தை நைஜரின் களை தின்கிறது. இந்த ஸ்ட்ரைகா தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் செடி. பக்கத்துச் செடியோடு கலப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு இனம் கலப்படமில்லாமல் அப்படியே நிலைத்துவிடுகிறது.

அதே சோதனையில்தான் இந்தக் கதையின் நாயகனும் வருகிறான். பி 301 என்பது போட்ஸ்வானாவின் நாட்டுக் காராமணி ஒன்றின் சேகரிப்பு எண். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, கலஹாரியின் விளிம்பில் உள்ள வறண்ட நாடு அது. காராமணியை அங்கே ‘தினாவா’ என்பார்கள். ஸ்ட்ரைகா அங்கே காராமணியைத் தொடுவதில்லை. தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியின் காராமணிக்கு வேறொரு எதிரி உண்டு. அலெக்ட்ரா வோகெலி என்ற, மஞ்சளாகப் பூக்கும் வேர் ஒட்டுண்ணி. 1980களில் போட்ஸ்வானாவில் பணியாற்றிய சார்லஸ் ரிச்சஸ் இந்த அலெக்ட்ராவுக்குத் தாக்குப்பிடிக்கும் ரகங்களைத் தேடினார். உள்ளூர்ச் சேகரிப்பிலிருந்த பி 301, பி 359 என்ற இரண்டு நாட்டு ரகங்களிலும் அந்தக் களை வளரவில்லை.

அலெக்ட்ராவைத் தடுப்பது ஸ்ட்ரைகாவையும் தடுக்குமா? உறவுக்காரக் களைகள் என்பதைத் தவிர அப்படி எதிர்பார்க்க வலுவான காரணம் இல்லை. ஆனாலும் பி 301ஐ அந்த வரிசையில் சேர்த்தார்கள். புர்கினாவின் ஸ்ட்ரைகா அதில் வளரவில்லை. மாலியினது வளரவில்லை. நைஜரினது வளரவில்லை. தான் பிறந்த மண்ணில் ஒருநாளும் எதிர்கொள்ளாத ஒரு பகைவனின் மூன்று இனங்களையும் அந்தச் செடி நிறுத்திவிட்டது. 1990இல் இந்த முடிவு அச்சில் வந்தது. பயிர்ப் பெருக்க வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த ஆச்சரியங்களில் இது ஒன்று. ஏனென்றால் பி 301ஐப் பாதுகாத்து வைத்தவர்கள் யாரும் இதற்காக வைக்கவில்லை. போட்ஸ்வானாவின் பெயர் தெரியாத பெண்கள் ஆண்டுதோறும் விதைக்கென்று ஒரு பிடி எடுத்து வைத்தார்கள்; பின்னால் வந்த யாரோ அதில் ஒரு பங்கைச் சேகரித்து உறையில் போட்டு எண் எழுதினார்கள். அவ்வளவுதான் அதற்கு நடந்த காப்பு.

விதை கானோவுக்குப் போனது. அங்கே பன்னாட்டு நிறுவனத்தின் காராமணிப் பணிக்குப் பொறுப்பாக இருந்தவர் பி. பி. சிங். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் சோயாமொச்சையில் வேலை செய்துவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போனவர். சாரியாவை அடுத்த சமாருவின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்த தாவர நோயியலாளர் ஏ. எம். எமெச்செபே அவருக்குத் துணை. பி 301இன் எதிர்ப்புக்குப் பின்னால் எத்தனை மரபணு என்பது அவர்களின் முதல் கேள்வி. எண்ணிக்கை கூடக்கூட அதை வேறு ரகத்துக்குக் கொண்டுபோகும் வேலை கடினமாகும்.

விடை காண்பதற்கு வேண்டியது பொறுமை. பி 301ஐ, களைக்கு இரையாகும் ரகம் ஒன்றோடு கலக்க வேண்டும். காராமணிப் பூ விடிகாலையில் விரிவதற்குள்ளேயே தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். ஆகவே முந்தின நாள் மாலை, மொட்டாக இருக்கும்போதே மெல்லிய இடுக்கியால் இதழைக் கிழித்து மகரந்தப்பைகளை எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் மற்ற ரகத்தின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். தடவிய பூக்களில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். பிழைத்த நெற்றிலிருந்து கிடைக்கும் விதைகளை, ஸ்ட்ரைகா விதை கலந்த மண் நிரப்பிய தொட்டிகளில் விதைத்து, ஏழெட்டு வாரம் கழித்து வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். முதல் தலைமுறைச் செடிகளில் களை வளரவில்லை. இரண்டாம் தலைமுறையில் களை வராத செடி மூன்றுக்கு, வந்த செடி ஒன்று என்ற விகிதம் தெரிந்தது. ஒரே ஒரு ஓங்கு மரபணு. 1990இல் கிராப் சயன்ஸ் இதழில் இதை வெளியிட்டார்கள். ரகம் உருவாக்குகிறவருக்கு இதைவிட நல்ல செய்தி வர முடியாது.

பிறகு ஐ. டி. கே. அடோக்ப்ளே அவர்களோடு சேர்ந்து ஆராய்ந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பி 301இல் அலெக்ட்ராவைத் தடுக்கும் மரபணுக்கள் வேறு, ஸ்ட்ரைகாவைத் தடுக்கும் மரபணு வேறு. ஒன்றுக்காக வந்தது மற்றதையும் தடுத்தது என்பது இல்லை. இரண்டு தனித்தனிப் பாதுகாப்புகள் ஒரே செடியில் குடியிருந்தன. இரண்டு களைகளும் சேர்ந்து தொல்லை தரும் வட நைஜீரியாவுக்கு இது கூடுதல் வரம்.

ஆனால் பி 301ஐ அப்படியே விவசாயியிடம் கொடுத்தால் வாங்க மாட்டார். அதன் பயறு சிறியது. விளைச்சலும் நம்பும்படி இல்லை. மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைக்கு வேண்டியது பெரிய பயறு. வெள்ளையோ பழுப்போ, தோல் சற்றுச் சொரசொரப்பாக இருந்தால் சீக்கிரம் ஊறும், தோலும் எளிதில் கழலும். கோசை சுடும் பெண்ணின் கை எதை விரும்புகிறதோ அதுதான் சந்தையில் நிற்கும். ஆய்வகத்தின் பெருமையை அவர் விலை கொடுத்து வாங்குவதில்லை. வாங்க வேண்டியதும் இல்லை.

எனவே சிங், பி 301க்கு ஒரு துணை தேடினார். ஐடி84எஸ்-2246-4 என்ற ரகம் அசுவினி, பயறு வண்டு, சில வைரஸ் நோய்கள் என்று பலவற்றுக்கு ஒரே நேரத்தில் தாக்குப்பிடிக்கும். ஸ்ட்ரைகா மட்டும் அதைக் கொன்றுவிடும். இரண்டையும் கலந்து, தலைமுறை தலைமுறையாகக் களை வயலில் விட்டு, நின்றவற்றுள் பயறு நன்றாக இருப்பதை மட்டும் தேர்ந்து வந்தார்கள். 1990இல் ஐடி90கே-59, ஐடி90கே-76 போன்ற வரிசைகள் வெளிவந்தன. பெயரில் ஐடி என்பது பன்னாட்டு நிறுவனத்தையும் 90 ஆண்டையும் கே கானோவையும் குறிக்கும். களை விதை நிறைந்த வயலில் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் ஸ்ட்ரைகாவும் இல்லை, அலெக்ட்ராவும் இல்லை; செடியில் நெற்று இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. 1990களின் முற்பகுதியில் ஜே. ஏ. லேனும் அவர் சகாக்களும் பெனின் நாட்டின் தெற்கே ஜக்போட்டா என்ற ஊரிலிருந்து வந்த ஸ்ட்ரைகாவைச் சோதித்தார்கள். பி 301இன் வேரில் அது தடையில்லாமல் வளர்ந்தது. பி 301இன் வாரிசுகள் அந்த ஊரில் அதற்குள் பரவியிருக்க வாய்ப்பில்லை. ஆகவே புது ரகம் பரவியதால் களை தந்திரம் கற்றுக்கொண்டது என்று சொல்ல முடியாது. அந்த இனம் முன்பிருந்தே அங்கே இருந்திருக்க வேண்டும். அதுவரை யாரும் அந்த ஊர் விதையைச் சோதித்துப் பார்க்கவில்லை.

ஜக்போட்டாவின் களையைத் தடுத்து நிறுத்திய ரகங்களில் ஒன்று 58-57! மாலியில் தோற்று, நைஜரிலும் தோற்று, கைவிட வேண்டியதுதான் என்று ஒதுக்கக்கூடிய நிலையில் இருந்த அதே ரகம். அதை யாராவது குப்பையில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. மரபணு வங்கிகளுக்கு ஆகும் செலவு வீண் என்று பேசுகிறவர்களிடம் 58-57இன் பெயரைத்தான் நான் சொல்வேன். இபாதானின் விதை வங்கியில் 15,000க்கும் மேற்பட்ட காராமணி மாதிரிகள் குளிரறையில் இருக்கின்றன. அவற்றில் எந்த உறையில் அடுத்த விடை இருக்கிறது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

எதிர்ப்பு என்றால் வேரில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதையும் லேனின் குழுதான் கிட்டத்தில் பார்த்தது. கண்ணாடித் தட்டில், கண்ணாடி இழைத்தாளின்மேல் காராமணி வேர், அதன்மேல் ஸ்ட்ரைகா. 58-57இல் களையின் நுனி வேருக்குள் துளைத்துப் போகிறது. ஓரிரண்டு நாளில் அந்த இடத்து வேர்த்திசு பழுப்பேறிச் செத்துவிடுகிறது. வேர் தன் சதையில் ஒரு புள்ளியைத் தானே சாகடித்து, அதோடு களையையும் சாகடிக்கிறது. பி 301 செய்வது வேறு. களை உள்ளே நுழைகிறது, சிறு கட்டியாகக்கூட உருவாகிறது. அதற்குமேல் வளர்வதில்லை. சாறு கிடைக்காமல், தண்டு விடாமல், குண்டூசித் தலை அளவிலேயே நின்றுவிடுகிறது. இரண்டு ரகங்களும் ஒரே எதிரியை இரு வேறு கட்டத்தில் நிறுத்துகின்றன.

அந்த ஒற்றை மரபணுவைக் கையில் எடுத்துக் காட்ட மேலும் பல ஆண்டுகள் ஆயின. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டிம்கோவும் ஜியான்ஷியோங் லீயும் 2009இல் சயன்ஸ் இதழில் அதை வெளியிட்டார்கள். துரு நோய், சாம்பல் நோய் போன்ற பூஞ்சைகளுக்கு எதிராகப் பயிர்களில் காணும் அதே வகைக் காவல் புரதத்தைத்தான் இந்த மரபணுவும் உண்டாக்குகிறது. செடியின் கண்ணுக்கு ஸ்ட்ரைகாவும் ஒரு கிருமிதான் என்றாகிறது. இதுவும் ஒரு செடி, பூத்துக் காய்க்கும் செடி என்பது அந்தப் புரதத்துக்குப் பொருட்டில்லை. பி 301இல் அந்த மரபணுவை மட்டும் அமுக்கிப் பார்த்தபோது நைஜீரியா, நைஜர் பகுதியின் ஸ்ட்ரைகா இனத்துக்கு அது இரையானது. வேறு இனங்களுக்கு எதிரான காப்பு அப்படியே இருந்தது. பி 301க்குள் ஒன்றல்ல, பல காவலாள்கள் வாசல் வாசலாக நிற்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. 1990இல் மூன்றுக்கு ஒன்று என்று எண்ணியது தவறில்லை. ஓர் ஊரின் களையை வைத்து எண்ணினால் அந்த ஊருக்குரிய காவலாள் மட்டும்தான் கணக்கில் வருவான்.

ஜக்போட்டாவின் இனம் எப்படிக் கடந்துபோகிறது என்பதற்கும் 2020இல் டிம்கோவின் குழுவே ஒரு பதில் கண்டது. அந்தக் களை வேருக்குள் செலுத்தும் ஒரு புரதம், காராமணியின் சொந்தப் புரதம் ஒன்றின் சாயலிலேயே இருக்கிறது. அது காராமணியின் தற்காப்புக்கு வேண்டிய இன்னொரு புரதத்தைச் சிதையவைத்து, செடியின் எதிர்வினையை அடக்குகிறது. மூளையும் நரம்பும் இல்லாத இரண்டு செடிகளுக்குள் இவ்வளவு நுட்பமான போராட்டம் நடப்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இதெல்லாம் எல்லாப் பயறுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. எகிப்திலும் ஸ்பெயினிலும் அகன்ற மொச்சையைப் பிடிக்கும் ஓரோபாங்கி, நம் ஊரில் புகையிலைக் காளான் என்று சொல்லும் களையின் இனம். அதற்கு எதிராக 1970களில் எகிப்தில் தேர்ந்தெடுத்த கீசா 402, பிறகு ஸ்பெயினின் கோர்டோபாவில் ஹோசே இக்னாசியோ குபெரோவின் கையில் பல ரகங்களுக்குத் தாயானது. அங்கே ஒற்றை மரபணு எதுவும் கைகொடுக்கவில்லை. சிறு சிறு பலம் உள்ள பல மரபணுக்கள் கூடித்தான் பயிர் தாங்குகிறது. அதனால் வேலை மெதுவாக நகர்ந்தது. ஆனால் அப்படிக் கூட்டாக நிற்கும் எதிர்ப்பைக் களை எளிதில் உடைப்பதில்லை. காராமணிக்காரர்கள் அதைப் பொறாமையோடு பார்க்கலாம்.

காராமணிக்காரர்கள் செய்ய வேண்டியது இப்போது தெளிவு. மேற்கு ஆப்பிரிக்காவில் இன்று குறைந்தது ஏழு ஸ்ட்ரைகா இனங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. ஊருக்கு ஊர் எது இருக்கிறதோ அதற்கேற்ற மரபணுவைச் சேர்க்க வேண்டும். கூடுமானால் ஒன்றுக்கு மேற்பட்டதை ஒரே ரகத்தில் அடுக்க வேண்டும். இரண்டு காப்பு மரபணுக்கள் இருக்கும் செடியும் ஒன்று மட்டும் இருக்கும் செடியும் தொட்டியில் ஒன்று போலவே தெரியும். ஆகவே மரபணுவின் அருகில் உள்ள அடையாளக் குறியைத் தேட வேண்டியிருந்தது. புர்கினா ஃபாசோவின் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜெரெமி உவெட்ராகோ 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் டிம்கோவோடு சேர்ந்து அந்தக் குறிகளைக் கண்டார். அதன்பின் இளநாற்றின் ஓர் இலைத்துண்டு போதும். தொட்டி, களை விதை, ஏழெட்டு வாரக் காத்திருப்பு எதுவும் இல்லாமல் எந்த நாற்றை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று சொல்லிவிடலாம்.

ஸ்ட்ரைகா, அலெக்ட்ரா இரண்டையும் தாங்கும் ஐடி97கே-499-35 என்ற ரகம் 2008இல் நைஜீரியாவில் சம்பீ-10 என்ற பெயரில் வெளியானது. கானாவில் அதற்கு ‘சோங்கோத்ரா’ என்று பெயர். நைஜரிலும் மாலியிலும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அதை ஏற்றுக்கொண்டார்கள். எல்லா ஊரிலும் அது மட்டுமே போதும் என்று யாரும் நினைக்கவில்லை. வடகிழக்கு நைஜீரியாவின் போர்னோ மாநிலத்தில் மக்கள் விரும்புவது ‘போர்னோ பிரௌன்’ என்ற பழுப்புப் பயறு. நல்ல சுவை, நல்ல சந்தை; ஸ்ட்ரைகாவுக்கு மட்டும் முழு இரை. நைஜீரியாவின் மகுர்தி வேளாண் பல்கலைக்கழகத்தில் லக்கி ஒமொய்குய்யின் குழு இதை விட்டுவிடச் சொல்லவில்லை. போர்னோ பிரௌனை எதிர்ப்பு ரகத்தோடு கலந்து, கிடைத்த நாற்றுகளை இலைத்துண்டு வைத்துச் சோதித்து, தேறியவற்றை மறுபடி மறுபடி போர்னோ பிரௌனோடேயே கலந்தார்கள். மக்களுக்குப் பழகிய பயறு மாறாமல், வேரின் எதிர்ப்பு மட்டும் உள்ளே வந்து சேர்வதற்கான வழி இது.

காராமணியில் ஒரு வசதியும் உண்டு. தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் எதிர்ப்பு ரகத்தின் விதையை ஒருமுறை வாங்கிய விவசாயி அடுத்த ஆண்டு கடைக்குப் போக வேண்டியதில்லை. நல்ல நெற்றாகப் பார்த்து எடுத்து, நன்றாகக் காயவைத்து, வண்டு நுழையாதபடி காற்றுப்புகாத பையில் கட்டி வைத்தால் போதும். அடுத்த மழைக்கு விதைத்தது போக மிச்சத்தை அண்டை வீட்டுக்கும் கொடுக்கிறார்கள். பல கிராமங்களில் இந்த ரகங்கள் பரவுவது அப்படித்தான்.